எழுபத்திரண்டு பருவங்கள்

“இஃது இசையா, இரைச்சலா?”

என் அறைக்கு வரும் நண்பர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது. சிலர் கேட்பதும் இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்பவர்களிடம் எனக்கு நன்றி உண்டு. வினா எழுந்தால்தானே விடை சொல்ல முடியும்?

ஹெவி மெட்டல் என்று பெயர் பெற்ற இசையைப் பதின்மூன்று ஆண்டுகளாகக் கேட்டு வருகிறவன் நான். எனக்கு இப்பொழுது வயது இருபத்து மூன்று. ஆகவே என் வாழ்நாளில் பாதிக்கு மேல் இந்த ‘இரைச்ச’லோடுதான் கழிந்திருக்கிறது. மன்ற இதழுக்குக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபொழுது, இயற்பியல் மாணவன் ஆயிற்றே, அணுவைப் பற்றியோ விண்மீனைப் பற்றியோ எழுதுவான் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். நானோ, மெட்டாலிகா என்னும் இசைக்குழு 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘செவன்டி டூ சீசன்ஸ்’, அதாவது ‘எழுபத்திரண்டு பருவங்கள்’ என்னும் இசைத்தட்டைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அறிவியலும் இடையே வரும். அஞ்ச வேண்டா, அளவோடுதான் வரும்.

தொழிற்சாலையில் பிறந்த இசை

இந்த இசை பிறந்த இடம் இங்கிலாந்து நாட்டின் பர்மிங்ஹாம் நகரம். உலைக்கூடங்களும் உலோகப் பட்டறைகளும் நிறைந்த தொழில் நகரம் அது. அங்கே டோனி அயோமி என்னும் பதினேழு வயது இளைஞர் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டு விலகும் கடைசி நாளன்று எந்திரத்தில் சிக்கி, வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கம் உடையவர் ஆதலால், கிதாரின் கம்பியை அழுத்த வேண்டிய விரல்கள் அவையே. அவர் சோர்ந்துவிடவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து கொண்டார். தடித்த கம்பிகளை அழுத்த வலித்ததால் மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். பின்னர் சுருதியையும் தாழ்த்திக் கம்பிகளைத் தளர்த்தினார். தாழ்ந்த சுருதி, கனத்த ஓசையைத் தந்தது. 1970 பிப்ரவரி 13 அன்று அவருடைய ‘பிளாக் சாபத்’ குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஹெவி மெட்டலின் பிறந்த நாளாகப் பலரும் அந்நாளையே சொல்வர்.

இதனை நான் முதலிற் சொல்வதற்குக் காரணம் உண்டு. நானும் ஒரு தொழிற்சாலையின் ஓசையில் வளர்ந்தவன்.

எங்கள் லயம்

மூணாற்றுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றிலே பிறந்தேன். தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னே மலையேறி வந்தவர். அம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் பகுதியில் வேலை பார்த்தார். எங்கள் ஊரில் ‘லயம்’ என்றால் தொழிலாளர் வீட்டு வரிசை. ஒரு சுவருக்கு இப்பால் நாங்கள், அப்பால் அடுத்த குடும்பம். இசை பயின்றவர்களுக்கு லயம் என்றால் காலத்தின் ஒழுங்கு. எனக்கு இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன. வாடிய கொழுந்தை உருட்டும் எந்திரம் இரவெல்லாம் ‘கும், கும்’ என்று சுற்றும். அந்த ஓசையின் மேல்தான் நாங்கள் உறங்கினோம். எந்திரம் நின்றால் விழித்துக் கொள்வோம்.

பெங்களூரில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் எனக்கு உண்டு, பெரியம்மாவின் மகன். 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகாவின் இசை நிகழ்ச்சி நடந்தது. நுழைவுச் சீட்டு வாங்க அண்ணனிடம் பணம் இல்லை. மைதானத்திற்கு வெளியே சாலையோரத்தில் நின்றே கேட்டார். அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வந்தபொழுது, அக்குழுவின் பாடல்களைக் கைபேசியின் மெமரி கார்டில் ஏற்றிக் கொண்டு வந்தார். எனக்குப் பத்து வயது கூட நிரம்பவில்லை. பாடலின் மொழி எனக்குப் புரியவில்லை, பொருளும் புரியவில்லை. ஆனால் அந்தக் கனத்த ஓசை தொடங்கியதும், “இது நம் ரோலர் அறை அல்லவா!” என்று மட்டும் தோன்றியது. என் காதல் அன்று தொடங்கியது.

மெட்டாலிகா 1981-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தோன்றிய குழு. தோற்றுவித்தவர்கள் ஜேம்ஸ் ஹெட்பீல்டும் லார்ஸ் உல்ரிக்கும். முன்னவர் பாடுவார், கிதார் வாசிப்பார். பின்னவர் டென்மார்க்கிலிருந்து வந்தவர், டிரம் வாசிப்பவர். 1983-இல் கிர்க் ஹாமெட் வந்து சேர்ந்தார். 1986 செப்டம்பர் 27 அன்று சுவீடனில் நேர்ந்த பேருந்து விபத்தில் பேஸ் கிதார் வாசித்த கிளிப் பர்ட்டன் இருபத்து நான்கு வயதில் மாண்டார். இன்று அவ்விடத்தில் இருப்பவர் 2003-இல் சேர்ந்த ராபர்ட் துருஹியோ. ‘எழுபத்திரண்டு பருவங்கள்’ அவர்களுடைய பதினோராவது இசைத்தட்டு.

இரைச்சலின் கணக்கு

இனி நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன்.

இளங்கலை படித்த காலத்தில் பாலக்காட்டு விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் சித்தூர்க்காரன்; தமிழன்தான். பாலக்காடு மணி ஐயரைத் தெய்வமாகப் போற்றும் வீட்டில் பிறந்தவன். மிருதங்கம் பயின்றவன். “ஏண்டா, சுருதி சுத்தமா இருக்கிற வாத்தியத்தைக் கெடுத்து வைச்சுட்டு அதை இசைங்கறயே?” என்று ஒருநாள் கேட்டான். அவனுக்கு நான் தாளில் வரைந்து காட்டிய கணக்கையே இங்கும் சொல்கிறேன்.

கிதாரின் கம்பி அதிரும்பொழுது எழும் மின் அலை, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வடிவம் உடையது. அதனைப் பெருக்கியின் வழியே செலுத்துகிறோம். பெருக்கி தாங்கும் அளவுக்கு மேல் செலுத்தினால் என்ன ஆகும்? அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகும். தோட்டத்திலே குன்றின் தலையை வெட்டிச் சமதளம் ஆக்குவார்களே, அதுபோல. வளைந்த அலை ஏறக்குறையச் சதுர அலையாகி விடுகிறது. பிரெஞ்சு அறிஞர் பூரியே 1822-இல் வெளியிட்ட நூலில் காட்டிய முறைப்படி அந்தச் சதுர அலையைப் பகுத்துப் பார்த்தால், மூல அதிர்வெண்ணோடு அதன் 3 மடங்கும் 5 மடங்கும் 7 மடங்கும் கலந்திருக்கக் காண்போம். ஒரு சுரத்தை மீட்டினால் ஒரு கூட்டமே ஒலிக்கிறது. இதைத்தான் ‘டிஸ்டார்ஷன்’ என்பர். தமிழில் ‘திரிபு’ எனலாம். திரிபுக்கு இன்னொரு குணமும் உண்டு. மீட்டிய ஒலி சட்டென மங்காமல், நாதசுரத்தின் ஓசைபோல நீடித்து நிற்கும்.

அடுத்து, இக்கலைஞர்கள் பெரிதும் வாசிப்பது ச, ப என்னும் இரு சுரங்களின் சேர்க்கையே. நம் பழைய இசை மரபில் குரல், இளி என்று பெயர் பெற்றவை இவை. அவற்றின் அதிர்வெண் விகிதம் 2:3. கிதாரின் மிகத் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. அதற்குரிய ‘ப’ ஏறத்தாழ 123 முறை அதிரும். இவ்விரண்டும் திரிபுப் பெருக்கியில் ஒன்றோடொன்று கலக்கும்பொழுது, இவற்றின் வேறுபாடாகிய 41 என்னும் அதிர்வெண்ணும் தோன்றுகிறது. 41 என்பது 82-இல் பாதி. அஃதாவது கீழ்த் தாயியின் ‘ச’. யாரும் மீட்டாத சுரம் தானே வந்து அடியில் நிற்கிறது! நெஞ்சில் மோதும் அந்தக் கனம் அங்கிருந்துதான் வருகிறது.

‘அப்படியானால் காந்தாரத்தையும் சேர்த்தால் இன்னும் இனிக்குமே?’ என்று கேட்கலாம். இனிக்காது. அந்தர காந்தாரத்தின் இயற்கை விகிதம் 4:5. கிதாரில் சுரங்களைச் சம இடைவெளியில் அமைத்திருப்பதால் காந்தாரம் சற்றே உயர்ந்து நிற்கும். திரிபு இல்லாதபோது காது அதைப் பொறுத்துக் கொள்ளும். திரிபோ மேற்சுரங்களை எல்லாம் பெருக்கிக் காட்டிவிடும். அந்தத் தடித்த கம்பிக்கும் அதன் காந்தாரத்துக்கும் இடையே வினாடிக்கு ஏறத்தாழ மூன்று விம்மல்கள் எழுந்து ஓசை கரகரக்கும். ஆகவேதான் அதை விலக்கி, ச-ப என்ற இரண்டோடு பெரும்பாலும் நிற்கிறார்கள். இரைச்சல் என்று நாம் நினைப்பதற்குள்ளே இவ்வளவு விலக்கும் விதியும் இருக்கின்றன.

சித்தூர் நண்பன் தாளை வாங்கிப் பார்த்தான். “அப்ப உன் மெட்டாலிகாவும் எங்க தம்புராவும் தாயாதிங்களா?” என்றான். ஆம் என்றேன். அதன் பிறகு அவன் கதவைச் சாத்துவதில்லை.

முதல் நாள் ஏமாற்றம்

1986-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ இசைத்தட்டுத்தான் என் பள்ளிக்கால வேதம். அதிலே எட்டே பாடல்கள். ஏறத்தாழ 55 நிமிடம். தலைப்புப் பாடலில் ஹெட்பீல்டு கம்பியை மேலிருந்து கீழாகவே தட்டுவார். கை மேலே போகும்பொழுது மீட்டுவதில்லை. வினாடிக்கு ஏறத்தாழ ஏழு தட்டு. உள்ளங்கையின் ஓரத்தால் கம்பியை அமுக்கிக் கொண்டே தட்டுவதால் ஒவ்வொன்றும் குதிரைக் குளம்படி போல் விழும். அதனை வாசித்தபொழுது அவருக்கு வயது இருபத்து இரண்டு. இன்று எனக்குள்ள வயது கூட இல்லை.

2016-இல் பத்தாம் இசைத்தட்டு வந்தது. பிறகு ஏழு ஆண்டுக் காத்திருப்பு. பதினோராவது, 2023 ஏப்ரல் 14 அன்று வெளிவந்தது. அன்று தமிழ்ப் புத்தாண்டு, மறுநாள் விஷு. விடுதியே காலியாகி விட்டது. பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் நானும் சித்தூர் நண்பனும் மட்டும் அறையில் உட்கார்ந்து, தலை முதல் கடைவரை கேட்டோம். பன்னிரண்டு பாடல்கள், 77 நிமிடம்.

உண்மையை மறைப்பானேன்? எனக்கு ஏமாற்றம்தான். ஆறு நிமிடத்தில் சொல்லத்தக்கதை ஏழரை நிமிடத்திற்கு இழுத்திருந்தார்கள். நடுவே வரும் பாடல்கள் சில, ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றின. முன்பு பல தட்டுகளில் ஒன்றாவது மெல்லிய பாடல் இருக்கும், இதிலே இல்லை. ஹாமெட்டின் தனி வாசிப்புகள் பெரிதும் நம் சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களையே சுற்றிச் சுற்றி வந்தன. ‘லக்ஸ் ஈட்டெர்னா’ என்னும் பாடல் ஒன்றுதான் மூன்றரை நிமிடத்திற்குள் பழைய வேகத்தோடு பாய்ந்து முடிந்தது. “அறுபதை நெருங்கி விட்டார்கள். இனி என்ன வரும்?” என்று நான் பெருமூச்சு விட்டேன்.

சித்தூர் நண்பன் சிரித்தான். “எண்பது வயசு வித்துவான்கிட்ட போய் இருபது வயசுல பாடின பிருகாவைக் கேட்பாயோ? இந்த வயசுல அவருக்கு என்ன தெரியறதோ, அதைத்தானே கேக்கணும்?” என்றான். ஹாமெட் தன் தனி வாசிப்புகளைப் பெரும்பாலும் முன்னரே வரைந்து வைக்காமல், அவ்வப்போது தோன்றியதை வாசித்ததாகச் சொல்லியிருக்கிறார் என்பதைப் பிறகு படித்தேன். அதைச் சொன்னதும், “அதுதான் மனோதர்மம்” என்றான் அவன். நண்பனின் கேள்வி என்னைத் தைத்தது. நாள்பட்ட ரசிகர்கள் செய்யும் பிழை இதுதான். கலைஞன் பழைய பாட்டைப் பாட வேண்டும் என்று கேட்பதாக நினைக்கிறோம். உண்மையில், அதனை முதன்முதலாகக் கேட்ட வயது திரும்பி வர வேண்டும் என்றே கேட்கிறோம். அதைத் தருவதற்கு எந்த இசைக்குழுவாலும் ஆகாது.

தலைப்பின் பொருள்

எழுபத்திரண்டு பருவங்கள் என்பது என்ன? மேனாட்டார்க்கு ஆண்டுக்கு நான்கு பருவம். நான்கைப் பதினெட்டால் பெருக்கினால் எழுபத்திரண்டு. மனிதனின் முதற் பதினெட்டு ஆண்டுகளையே ஹெட்பீல்டு இவ்வாறு குறிக்கிறார். அந்த ஆண்டுகளில் பெற்றோரும் சுற்றமும் ‘நீ இன்னான்’ என்று நமக்குச் சொல்லி விடுகிறார்கள். பின்னர் வாழ்நாள் முழுவதும் அதையே திரும்ப நடிக்கிறோம், அல்லது அதனோடு போராடுகிறோம். குழந்தைப் பருவத்தின் கைதியாகவே இருப்பதா, தளையை அறுப்பதா என்பதே கேள்வி. இசைத்தட்டின் மேலுறையிலே மஞ்சள் நிறத்தின் நடுவே கரிந்துபோன குழந்தைத் தொட்டில் ஒன்று கிடக்கிறது.

அவருடைய பதினெட்டு ஆண்டுகள் எளியவை அல்ல. நோய்க்கு மருந்து கொள்ளாத சமய நெறியைச் சார்ந்த குடும்பம். அவருக்குப் பதின்மூன்று வயதானபொழுது தந்தை வீட்டை விட்டுப் போனார். பதினாறு வயதில் தாய் புற்றுநோயால் இறந்தார். பிறகு புகழும் பொருளும் வந்தன, குடியும் வந்தது. 2001-இல் மருத்துவ விடுதிக்குச் சென்று மீண்டார். 2019-இல் பயணத்தை ஒத்திவைத்து விட்டு மறுபடியும் சென்றார். அதற்குப் பின் வந்த முதல் இசைத்தட்டு இது.

இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்குமாறு நண்பர்களை வேண்டுகிறேன். 1986-இன் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பாடலில் பேசுவது யார்? போதைப் பொருள். ‘நானே ஆண்டான், நீ என் பொம்மை’ என்னும் கருத்துப்பட அஃது அடிமையைப் பார்த்து முழங்குகிறது. முப்பத்தேழு ஆண்டு கழித்து, இத்தட்டின் கடைசிப் பாடலாகிய ‘இனாமொராட்டா’வில் பேசுவது யார்? அடிமைப்பட்ட மனிதன். துயரத்தைக் காதலியாக உருவகம் செய்து, அவளுக்குத் தான் வேண்டியிருப்பதைக் காட்டிலும் தனக்கே அவள் வேண்டியிருக்கிறாள் என்று ஒப்புக் கொள்கிறான். அவளுக்காகத் தான் வாழவில்லை என்றும் சொல்லிப் பார்க்கிறான். முன்னது ஆண்டானின் குரல். பின்னது அடிமையின் வாக்குமூலம். இருபத்திரண்டு வயதில் தளையை வெளியே காண்கிறோம். ஐம்பத்தொன்பது வயதில் அதைப் பூட்டிக் கொண்ட கை தன்னுடையது என்று தெரிகிறது. வேகம் குறைந்ததை மட்டும் அளந்து கொண்டிருந்த எனக்கு, இந்த வளர்ச்சி முதல் நாள் தெரியவில்லை.

‘இனாமொராட்டா’ 11 நிமிடத்திற்கும் மேற்பட்டது. இவர்கள் பாடல்களில் அதுவே நெடியது. நடுவிலே முழக்கமெல்லாம் அடங்கி, பேஸ் கிதார் முன்னே வந்து மெல்லப் பேசும் இடம் ஒன்று இருக்கிறது. மாண்டுபோன பர்ட்டன் 1986-இல் ‘ஓரியன்’ என்னும் பாடலில் பேஸ் கிதாரைப் பேச வைத்ததை அறிந்தவர்கள், அந்த இடத்தில் அவரை நினையாமல் இருக்க மாட்டார்கள்.

என் கணக்கு

தொல்காப்பியர் வகுத்த பெரும்பொழுதுகள் ஆறு அன்றோ? கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆகவே தமிழனுக்குப் பதினெட்டு ஆண்டு என்பது 72 அன்று, 108 பருவங்கள். இதைச் சித்தூர் நண்பனிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அன்றிரவு நானே உட்கார்ந்து என் நூற்றெட்டை எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். தை மாதத்தில் புல்லின் மேல் வெள்ளையாய் உறையும் பனி. ஆனி, ஆடியில் ஓயாத மழை. பள்ளியில் மலையாளத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழில் விடை சொல்லி நின்றது. இங்கே ‘பாண்டி’ என்றும் சங்கரன்கோவில் போனால் ‘மலையாளத்தான்’ என்றும் அழைக்கப்பட்டது. எல்லாம் ஒவ்வொன்றாய் வந்தன.

நான் பிறந்தது 2002-இல். எனவே என் பதினெட்டு ஆண்டு நிறைந்தது 2020-இல். அவ்வாண்டு ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றை அடுத்த இராஜமலையின் பெட்டிமுடியில் மலை சரிந்தது. தோட்டத் தொழிலாளர் லயங்களை மண்ணும் பாறையும் மூடின. எழுபது பேர் மாண்டனர். அவர்களிற் பலர் கயத்தாறுப் பகுதியிலிருந்து வந்து தலைமுறையாய்க் கொழுந்து எடுத்த குடும்பத்தினர். எங்கள் தோட்டம் வேறு. எங்கள் லயத்திற்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் எங்கள் லயமும் அதே போன்ற சரிவின் கீழேதான் இருந்தது. அதே மழைதான் எங்கள் தகரக் கூரையிலும் அடித்தது.

அதன் பிறகு பல மாதங்கள் மெட்டல் இசையை என்னால் கேட்க முடியவில்லை. வினாடிக்கு 41 அதிர்வு என்று மேலே கணக்குச் சொன்னேனே, அந்த ஆழ்ந்த ஓசை எழுந்தாலே, ‘அன்று இரவு மலை இறங்கும்பொழுது எப்படி ஒலித்திருக்கும்?’ என்ற எண்ணம் வந்துவிடும். காதுக்கருவியைக் கழற்றி வைத்து விடுவேன். என்னைத் தாலாட்டிய ஓசையே என்னை அச்சுறுத்திற்று. பின்னர்ப் பழைய தட்டுகளுக்கு மெல்லத் திரும்பினேன். அவை மனப்பாடம் ஆனவை, எதிர்பாராதது எதுவும் வராது. புத்தம்புதிய கனத்த ஓசைக்கு என்னை ஒப்புக் கொடுத்தது 2023 சித்திரை முதல் நாளில்தான். அன்று நான் ஏமாற்றம் என்று சொன்னதில் ஒரு பகுதி அச்சம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று. அதனாலேயே இக்கட்டுரையும் இவ்வளவு காலந் தாழ்த்தி வருகிறது.

என்னை மீட்டது எது? இசைத்தட்டு எனக்கு ஆறுதல் கூறவில்லை. பெட்டிமுடியைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? ஆனால் ஒருவர் தம் வாழ்வின் கடுமையான ஓசையை அறுபதை எட்டும் வயதில் மறுபடியும் எடுத்து, தாளத்திற்குள் நிறுத்தி, ‘இது என்னுள் இருக்கிறது, ஆனால் நான் இதுவே அல்லன்’ என்று சொல்ல முயல்வதைக் கேட்டேன். மலைச்சரிவின் ஓசைக்கு எண்ணிக்கை இல்லை, திரும்பி வரும் இடம் இல்லை. இசைக்கு இரண்டும் உண்டு. இசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள வேறுபாடு யாது என்று இப்பொழுது என்னைக் கேட்டால், பூரியேயை இழுக்காமல் இந்த ஒன்றையே சொல்வேன்.

முடிவாக

அப்படியானால் இத்தட்டு ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ஸுக்கு நிகரா? இல்லை. ‘கிரவுன் ஆஃப் பார்ப்டு வயர்’, ‘டூ ஃபார் கான்’ இரண்டையும் நீக்கி, மற்றவற்றிலும் பத்து நிமிடத்தைக் குறைத்திருந்தால் நூலும் மணியுமாய் நின்றிருக்கும் என்பதே இன்றும் என் எண்ணம். தலைப்புப் பாடல், ‘லக்ஸ் ஈட்டெர்னா’, ‘ரூம் ஆஃப் மிர்ரர்ஸ்’, ‘இனாமொராட்டா’ ஆகிய நான்கும் காலத்தை வெல்லும். புதிதாய்க் கேட்க விரும்பும் நண்பர்கள் கடைசிப் பாடலிலிருந்து தொடங்கலாம்; அதன் மெதுவான நடை பழகாத காதுக்கு இடந் தரும். நம் நாட்டிலும் இவ்விசை வேரூன்றியுள்ளது. 1998-இல் பெங்களூரில் தோன்றிய ‘கிரிப்டாஸ்’ 2024-இலும் இசைத்தட்டு வெளியிட்டது. கேரளத்தின் கண்ணூரில் தோன்றிய ‘தி டவுன் டிராடன்ஸ்’ 2014-இல் தன் இசைத்தட்டை வெளியிட்டது. அவற்றையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஓசையைச் சற்றுக் குறைத்தே கேளுங்கள். இதைச் சொல்வதற்கும் காரணம் உண்டு.

பல ஆண்டு ரோலர் அறையில் நின்ற அப்பாவுக்குக் காது மங்கி விட்டது. பேரோசையால் கெடும் காதில், வினாடிக்கு 4,000 அதிர்வை ஒட்டிய மேல் ஒலிகளே பெரும்பாலும் முதலில் மறையும். கீழ் ஒலிகள் நீண்ட நாள் நிற்கும். ஆகவே பறவைக் குரலும் பேச்சின் மேல் ஒலிகளும் அவருக்கு எட்டுவதில்லை. அம்மா கூப்பிட்டால் திரும்ப மாட்டார்; லாரி வந்தால் திரும்புவார்.

சென்ற விடுமுறைக்குப் போயிருந்தபொழுது, காதுக்கருவியை அவர் காதில் மாட்டி, மெதுவான ஓசையில் ‘இனாமொராட்டா’வை வைத்தேன். சிறு வயதில் “அந்தச் சனியனை நிறுத்துடா” என்று அதட்டியவர் அவர். இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தார். பிறகு வலக்கை விரல்கள் முழங்காலின் மேல் தட்டத் தொடங்கின.

“என்னப்பா, கேக்குதா?” என்றேன்.

“கேக்குதுடா,” என்றார். “நம்ம ரோலர் ஓடுற மாதிரி இல்ல இருக்கு!”

நடுவில் முழக்கம் அடங்கும் இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். “நின்னு போச்சா?” என்று கேட்டார்.

“இல்லப்பா, திரும்ப வரும்” என்றேன்.

வரும்வரை காதுக்கருவியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.